மஞ்சள் கயிறு சிவந்த நாள்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை பார்த்தேன். பால் சோதிக்கும் சின்ன அறையில் கண்ணாடிக் குடுவை கழுவுவதுதான் என் வேலை. கூட இன்னொருத்தி இருந்தாள். வேதக்காரப் பெண், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அக்கா என்பேன்.

சோதனை முடிந்த குடுவையை உடனே அலசிவிட்டால் தொல்லையில்லை. ஒரு ராத்திரி கிடந்தால் ரப்பர் பால் அடியில் காய்ந்து தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். மேலே மருந்துக் கறை வேறு இறுகிப்போயிருக்கும். அளவுக் கோடு போட்ட சாமான், சுரண்டிக் கீறக் கூடாது. அதனால் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைப்போம். ரப்பர் உப்பி இளகியதும் மூங்கில் குச்சியால் நெம்பினால் உரிந்து வரும். பிறகு அந்த எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோடாக் காரம் கரைத்த தொட்டியில் போட்டு வைப்போம். அந்தத் தண்ணீர் கைத் தோலையே தின்றுவிடும். ரப்பர் கையுறை இல்லாமல் தொட முடியாது.

அன்றைக்கு நல்ல மழை. என் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே பலகை ஏற்றிய லோரியை ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். எனக்கு மனசு முழுக்க அங்கேதான். தொட்டிக்குள் குனிந்து ஒரு குடுவையைத் துழாவி எடுத்து நிமிர்ந்தேன். தாலி ரவிக்கைக்கு வெளியே கிடந்தது. காலையில்தான் மஞ்சள் பூசிய கயிறு. கீழ்ப்பாதி ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

மாரியாத்தா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது, ஆத்தா காட்டிவிட்டாள் என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதேன். அக்கா முதலில் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கழுத்தையும் கயிற்றையும் நன்றாகக் கழுவிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"ஏண்டி, நீ ஆரத்தி கரைச்சதே இல்லையா?"

"கரைச்சிருக்கேன். அதுக்கென்ன இப்ப?"

"மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல? தொட்டியில உள்ளதும் அந்த மாதிரி காரம்தான்லா. குனிஞ்சப்ப தாலி முங்கியிருக்கு. உம் புருசன் லோரியில பாட்டுக் கேட்டுக்கிட்டு போவாரு, நீ இங்க ஒப்பாரி வைக்கிற."

சொன்னதோடு விடவில்லை. சாப்பாட்டுக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டைக் கயிற்றில் பிழிந்தாள். சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் திரும்பியது.

புத்திக்குப் புரிந்தது, நெஞ்சு கேட்கவில்லை. மீதிக் குடுவைகளைக் கழுவும்போதெல்லாம் காது ரோட்டுப் பக்கமே இருந்தது. சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் லோரி வந்து நின்றது. சேறு தெறித்த சட்டையோடு இறங்கியவரைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன்.

"பசிக்குது, சோறு இருக்கா இல்லையா?" என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்துப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டேன். காரம் பட்ட கயிறு இற்றுப்போகும் என்று அவரிடம் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அதன் பிறகு தொட்டியில் கை வைக்குமுன் தாலியில் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்து அதை ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொள்வேன். அக்காவும் ஒரு ஊக்கு கேட்டு வாங்கினாள், தன் சிலுவைச் சங்கிலிக்கு.