சவுக்குத் தோப்பைப் பெருக்கியவர்கள்

போன ஞாயிறு காலை வாக்கிங் போன இடத்தில் புகை.

புதுப்பட்டினம் கடற்கரையில், சுனாமிக்குப் பிறகு வனத்துறை நட்ட சவுக்குத் தோப்பு. உள்ளே எங்கள் காலனிக்காரர்கள் – கையில் துடைப்பம், மூக்கில் கர்ச்சீப். தலைமை, என் பக்கத்து வீட்டு சிவராமன்.

"எவ்ளோ குப்பை பாருங்க! பாம்பு அடையும் சார்" என்றார்.

அவர் குப்பை என்றது, மரத்தடியில் மெத்தை மாதிரி கிடந்த சவுக்குச் சருகை. பாதித் தோப்பைப் பெருக்கிக் குவித்து, நெருப்பும் வைத்தாகிவிட்டது. கடற்காற்று சும்மா இருக்குமா? ஓரத்தில் புதிதாக நட்ட வரிசைக் கன்றுகள் கருகி நின்றன.

இந்தச் சருகுக்கு ஒரு கதை உண்டு. கோடையில் வனவர் ஒருவர் பக்கத்துக் குப்பத்தில் விழிப்புணர்வு வகுப்பு நடத்தினார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். "சருகுதான் மரத்துக்கு எரு. கன்னு தேறுற வரைக்கும் யாரும் அள்ளாதீங்க" என்றார்.

மீன் விற்கும் அஞ்சலை எழுந்துவிட்டாள். "அள்ளலன்னா அடுப்பு இன்னாத்துல எரியும் சார்? நீ வந்து ஊதுவியா?"

நியாயமான கேள்வி. அங்கே பாதி வீட்டில் சோறு வேகிறதே சருகில்தான். பெரிய வாக்குவாதம்... ஆனால் அஞ்சலை, அலையில் வீட்டைப் பறிகொடுத்தவள். மரம் நின்றால்தான் வீடு நிற்கும் என்பது அவளுக்கு உறைத்துவிட்டது. அதன்பின் அந்தத் தோப்புக்கு அவள்தான் காவல். கோணியோடு வந்த சொந்த நாத்தனாரையே விரட்டியடித்தாள். ஈர விறகோடு மல்லுக்கட்டி மழைக்காலத்தையும் ஓட்டினார்கள்.

சரி, அந்த வகுப்புக்கு எங்கள் காலனியை ஏன் கூப்பிடவில்லை? யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பாடம் எப்போதும் குப்பத்துக்குத்தான். காலனிக்கு நடப்பது பாராட்டு விழா!

சிவராமனிடம் விவரத்தைச் சொன்னேன். "அடடா, ஒரு போர்டு வெச்சிருக்கலாமே!" என்றார்.

அதற்குள் புகையைப் பார்த்து அஞ்சலை ஓடி வந்தாள். பின்னாலேயே நாத்தனார். "எங்கள அள்ள வுடாம தொரத்திகினு இருந்தியே... இப்போ இன்னா சொல்ற?"

அஞ்சலை மணலை வாரி நெருப்பின் மேல் போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் வனவர் வந்தார். கருகிய கன்றுகளைப் பார்த்துவிட்டு, குப்பத்தில் இன்னொரு வகுப்பு போடலாம் என்றார்.

"காலனில வையி சார்" என்றாள் அஞ்சலை.

"அவங்கல்லாம் படிச்சவங்கம்மா..." என்று இழுத்தார்.

மறுநாள் காலை தோப்பு முழுக்கக் குப்பத்துப் பெண்கள். மிச்சச் சருகை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அஞ்சலை, கோணியோடு.

"என்ன அஞ்சலை, நீயுமா?"

"நீங்க கொளுத்துனா வெறும் பொகதான் சார். நாங்க கொளுத்துனா சோறாவது வேவும்."