இவர் தலைக்குக் கொடுத்த கரண்ட்

சண்டை நின்று கண்டி வீதி திறந்திருந்த காலம். நாங்கள் அப்போது தர்மபுரத்தில் இருந்தோம். வெளிநாட்டிலிருந்து ஒரு டொக்டர் வந்து கிளிநொச்சியில் பாரிசவாதக்காரரைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, இவரை ஏற்றிக்கொண்டு போனோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர். நெல் வெட்டி முடித்த கையோடு விழுந்தவர். வலது கை தொங்கிவிட்டது. வாயில் "ஓம்" மட்டும்தான் மிச்சம். சோறு வேணுமோ என்றாலும் ஓம், மாடு வயலுக்குள் இறங்கிவிட்டது என்றாலும் ஓம். முன்பு அவர் கதைத்த கதைக்கு ஊரே காதைப் பொத்தும். சரி, அதை விடுங்கோ.

டொக்டர் தமிழ்ப் பிள்ளைதான். "மூளைக்கு இரத்தம் போற குழாய் ஒண்டு அடைச்சுப் போச்சுது அம்மா. பக்கத்திலை கொஞ்ச இடம் நித்திரை மாதிரிக் கிடக்குது. துளிக் கரண்ட் குடுத்தா அது முழிக்கும், அங்கை இரத்தமும் கூட ஓடும் எண்டு நினைக்கிறம். நிச்சயமாச் சொல்லேலாது" என்றார்.

எங்கள் பக்கம் கரண்ட் லைனே இல்லாத காலம் அது. தலைக்குக் கரண்ட் என்றால், படத்தில் பைத்தியக்காரருக்குப் பிடிப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

"ஆளை எரிச்சுப்போடுமோ தம்பி?"

"இல்லையம்மா, சின்னப் பற்றரிதான். வெட்டுறதுமில்லை, குத்துறதுமில்லை."

இவரிடம் கேட்டால் ஓம் என்பார், அதை நம்பலாமா? டொக்டர் கெட்டிக்காரன். "சம்மதமெண்டா என்ரை கையை ரெண்டு தரம் அமத்துங்கோ ஐயா" என்று இடது கையைப் பிடித்தார். இவர் சரியாக இரண்டு தரம் அமத்தினார்.

அன்றிரவு மச்சாள் வீட்டில் தங்கினோம். மச்சாள் என்றால் இவருடைய அக்கா. விடிந்ததும் மூவருமாகப் போனோம். டொக்டர் உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளை இவர் தலையில் ஒன்றும் நெற்றியில் ஒன்றுமாக வைத்து, நாடாவால் கட்டி, வயரைப் பற்றரிப் பெட்டியில் கொழுவி, சுவிச்சை அமத்தினார். சிவப்பு லைற் எரிந்தது. பஞ்சை அசைத்துவிட்டு மறுபடி அமத்தினார். மறுபடியும் சிவப்பு. அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, என்ரை தம்பிக்கு உள்ளுக்கை ஒண்டும் ஓடேல்லைப் போலை" என்று மச்சாள் தொடங்கினா. செத்த மூளைக்குத்தான் இந்தச் சிவப்பு என்று நினைத்துவிட்டேன்.

டொக்டர் பஞ்சைக் கழற்றி, இவர் தலையை விரலால் தடவி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"ஆர் எண்ணெய் வைச்சது?"

"நான்தான்" என்றா மச்சாள். "கரண்ட் சூடெல்லோ? குளிர்மைக்கு நல்லெண்ணெய் தேய்ச்சனான். அரைப் போத்தல்தான்."

"அன்ரி, கரண்ட் போகேலாமல் மதிலெல்லோ கட்டிவிட்டிருக்கிறீங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடியில் இவரை இருத்தி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அரைப் போத்தல் எண்ணெய் லேசில் போகுமா? கழுவிய பிறகும் சிவப்பு எரிந்தால் என்ன செய்வது என்றே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தலையைத் துவட்டி, பஞ்சை மறுபடி வைத்தார்கள். பச்சை எரிந்தது. பெட்டி நிற்கும்வரை இவர் கண்ணை விட்டு நான் பார்வையை எடுக்கவில்லை. பஞ்சைக் கழற்றியதும் பார்த்தால், நெற்றியில் பஞ்சின் அளவுக்கு ஒரு சிவப்பு!

"எரிச்சுப்போட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"எரியேல்லையம்மா. தோலுக்கு இரத்தம் கூட வந்திருக்கு, கொஞ்ச நேரத்தாலை மாறிவிடும். தொட்டுப் பாருங்கோ. மூளைக்குள்ளை எவ்வளவு ஓடினது எண்டு பாக்கிற மெசின்தான் என்னட்டை இல்லை."

தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது. இவர் இடது கையால் என் கையைத் தட்டிவிட்டு, அந்த இடத்தைச் சொறிந்துகொண்டே "கடிக்குது" என்றார்.

ஓம் இல்லை. கடிக்குது! மச்சாள் அழுதா. டொக்டர், "மெசினாலையோ, அம்மா போட்ட சத்தத்தாலையோ, எனக்குத் தெரியாது" என்று சிரித்தார்.

பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சில சொற்கள் வந்தன. கை முழுதாக வரவேயில்லை. ஆனாலும் பேச்சில்லாமல் படுத்திருக்கும் எவரையாவது காட்டி "அவருக்கு ஒண்டும் விளங்காது" என்று யாரும் சொன்னால், நான் இன்றைக்கும் பக்கத்தில் போயிருந்து, அந்த ஆளோடு சாதாரணமாகக் கதைத்துவிட்டுத்தான் எழும்புவேன்.