கணவாய்க்கு மூன்றாவது அட்டை

அட்டையைப் பெட்டியில் போடும் முன் அவள் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடுவாள். பிறகு எந்தப் பக்கத்திலிருந்து வாக்கியத்தை எடுத்தாளோ அந்தப் பக்கத்தின் மேலேயே அட்டையை வைத்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பாள். தலை ஒருமுறை ஆடினால்தான் அட்டை உள்ளே இறங்கும். அகராதி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான். அங்கே எல்லோருக்கும் அவள் அட்டை அக்கா.

ஒரு சொல் அச்சேற, அதை வைத்து யாராவது எழுதிய மூன்று வாக்கியங்கள் வேண்டும். ககர வரிசை முடியும் தறுவாயில் 'கணவாய்'க்கு இரண்டே அட்டைகள்தான் இருந்தன. பொருள் எழுதியாயிற்று: மலைகளுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் வழி. ஓர் அட்டை பள்ளிப் பாடநூலிலிருந்து வந்தது, இன்னொன்று ஒரு நில அளவைக் குறிப்பிலிருந்து. இரண்டிலும் மலை இருந்தது, உயரம் இருந்தது. கடந்து போன ஆள்தான் இல்லை.

"மீன் கணவாய்க்கு ஒன்பது அட்டை கிடக்குதே, ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளிவிடுங்கக்கா" என்றார் தட்டச்சுக்காரர்.

"உங்க நாக்கையும் சேர்த்து வறுத்துடுவேன், சும்மா இருங்க."

மூன்றாவது வாக்கியம் அவளிடம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் அப்பாவின் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட தங்கை, கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து ஒரே ஒரு கடிதம் போட்டாள். அப்பா இருந்தவரை பதில் எழுத விடவில்லை. அவர் போன பிறகு எந்த முகத்தோடு எழுதுவது என்று தள்ளித் தள்ளியே நாள் ஓடிவிட்டது. கடிதம் வீட்டு அலமாரியில் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து எழுத வேண்டிய தேவையே இல்லை, வரிவரியாக மனப்பாடம். எழுதினாள்: 'கணவாயைத் தாண்டிட்டா அந்தப் பக்கம் காத்தே வேற, அக்கா.'

அட்டையைப் படித்த அகராதி ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உயிர் இருக்கும்மா இதுல. ஆனா சொந்தக் கடிதம்னா எழுதினவங்க கையெழுத்து வேணுமே. சம்மதப் படிவத்தை அனுப்புங்க. மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா அட்டையை எடுத்துடுவோம். விலாசம் இருக்கா?"

"இருக்கு ஐயா" என்றாள்.

பதினோரு வருடம் கழித்துத் தங்கைக்குப் போகும் முதல் வரி 'அன்புடையீர்' என்று இருந்தது. அச்சடித்த படிவம், என்ன செய்வது? கீழே இரண்டு விரல் அகலம் காலியாகக் கிடந்தது. 'நல்லா இருக்கியா' என்று எழுதப் பேனா மூன்று தரம் போய்த் திரும்பியது. கடைசியில் அட்டையின் நகலை மட்டும் உள்ளே வைத்து உறையை ஒட்டிவிட்டாள். கோபம் தீரவில்லையென்றால் பதிலே வராது. அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

தபால்காரரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே அவள் கை அட்டையில் நிற்கும்.

"யாருக்கா அது, லவ் லெட்டரா?" என்றார் தட்டச்சுக்காரர்.

"இந்த வயசுல எனக்கு யார் எழுதுவா? நீங்க எழுதினாத்தான் உண்டு."

இருபத்தேழாம் தேதி உறை வந்தது. படிவத்தில் கையெழுத்து இருந்தது. நகலில் 'அந்த' என்பதைச் சிவப்பு மையால் அடித்து மேலே 'இந்த' என்று போட்டிருந்தது. ஓரத்தில் குட்டி எழுத்தில்: 'நான் இங்க இருந்துதானே எழுதினேன்? இந்தப் பக்கம்னுதான் எழுதினேன். நீ அங்க நின்னு பாத்துட்டே எழுதியிருக்கே. ஆபீஸ்லயும் இப்படித்தானா? மத்தபடி சம்மதம். வா.'

வீட்டுக்குப் போய்ப் பழைய கடிதத்தைப் பிரித்தாள். 'இந்தப் பக்கம்' என்றுதான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் தப்பாக எழுதிய ஒரே அட்டை. சிரிப்புத்தான் முதலில் வந்தது. மறுநாள், கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துப் புது அட்டை எழுதினாள். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு நான்கு நாள் விடுப்புக் கேட்டாள்.

பஸ் கணவாயின் உச்சியில் பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். எங்கே பஸ் தன்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று அவள் மட்டும் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெகுநாள் கழித்து, தங்கை வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் தங்கை இரண்டு தடவை அக்காவைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறாள். இரண்டு தடவையும் அந்த உச்சி வரை வந்து, இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போயிருக்கிறாள்.