றிப்தி காட்டாத கடல்

நிந்தவூர் றிப்தி குரோஷியாவில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்குச் சமையல்காரராகப் போனார். அங்கே விடுமுறைக்கு வருபவர்கள் உடுப்பே போடமாட்டார்கள் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தொப்பி முதல் சப்பாத்து வரை மூடிக்கொண்டு நின்ற அவரைத்தான் எல்லாரும் விநோதமாகப் பார்த்தார்கள்.

மனைவி நஸ்லியா வீடியோ கோலில் தினமும் கேட்டாள்: "கடலக் காட்டுங்களன்."

"வெயில் கூட, போன் பழுதாப் போயிரும்," என்று றிப்தி குசினிக் கூரையையே காட்டினார்.

குளிர் தொடங்கி எல்லாரும் போன பிறகு, துணிந்து கரை முழுவதையும் காட்டினார்.

"ஒத்தரையும் காணல்லியே! யாவாரமில்லாத ஹோட்டலா?"

றிப்திக்கு ரோசம் வந்தது. "கோடையில வந்து பாரு, நிக்க இடமிருக்காது."

"அப்ப கோடைக்கு நானும் உம்மாவும் வாறம்."

மறுநாளே றிப்தி மனேஜரிடம் போய், கோடை முழுவதற்கும் ஊருக்குப் போக லீவு கேட்டார்.