கலயத்தில் ஐந்து மல்லாட்டை

கம்பளிப்புழுவைக் குழியில் கொட்டிக் கொளுத்துகிற நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை...

வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் கரண்ட் கம்பம் நட்ட வருஷம். மல்லாட்டைச் செடியை, நிலக்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், புழு ஒரு இலை விடாமல் தின்று தீர்த்த வருஷமும் அதுதான். செஞ்சிப் பக்கத்து வயசாளிகளுக்கு இது போதும்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுகிறாள்.

அப்போது மகளுக்கு ஐந்து வயசு. வீட்டில் அவளைப் பாப்பா என்போம். பையன் சின்னப்பனுக்கு இரண்டு. மூன்றாவது, என் மனைவி அந்தோணியம்மாள் வயிற்றில்.

நான் கிணறு வெட்டுகிறவன். விளைச்சல் போன வருஷத்தில் யார் கிணறு வெட்டுவார்கள்? கிடைத்த கூலிக்குப் போய், இருட்டும்போது வருவேன். அவள் கால் இரண்டும் வீங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றி அடுப்பங்கரையில் நிற்பாள். சின்னப்பன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுவான். கூழைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, "நான் அப்பவே குடிச்சிட்டேன்" என்பாள். நானும் நம்புவேன். அசதியில் எதையும் நம்பிவிடலாம்.

ஆஸ்பத்திரி நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"போன பிரசவத்துல ரத்தம் நிக்காம போச்சே, நெனப்பு இருக்குதா? இந்தத் தடவ வூட்ல வெச்சுக்காத. இன்னும் எட்டு ஞாயித்துக்கிழம. எட்டாவது பூசை முடிஞ்சதும் இங்க கூட்டியாந்து சேத்துடு."

எழுதி வைக்கத் தெரியாதவன் என்ன செய்வான்? ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மண்டி வாசலில் சிந்திக் கிடக்கிற மல்லாட்டையில் பிள்ளைகளுக்கு நாலு பொறுக்குவேன். அதில் ஒன்றை ஒரு கலயத்தில் போட்டு மாடத்தில் வைப்பேன். வாரத்துக்கு ஒரு காய். எட்டு சேர்ந்தால் ஆஸ்பத்திரி. என் கணக்கு அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவலூர்பேட்டையில் கிணற்று வேலை, ஒரு வாரம், சாப்பாடும் போட்டு அரிசியும் தருகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைய காயைப் போட்டுவிட்டுக் கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

ஐந்து.

ஐந்துதானா என்று எனக்கே உள்ளுக்குள் ஒரு இடறல். ஆனால் அந்த மாசமெல்லாம் ஞாயிறும் திங்களும் ஒன்றாய்க் கலந்து கிடந்தது... என்னை நம்பாமல் கலயத்தை நம்பினேன். ஒரு வாரம் போய் வந்தாலும் நாள் மிச்சம் இருக்கிறது என்றேன்.

அந்தோணியம்மாள் கலயத்தைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள்.

"போய்த்தான் ஆவணுமாங்க?"

"அரிசி தராங்கடி."

"சரி, போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான் பேச்சு.

வியாழக்கிழமை காலையில் நான் கிணற்றுக்குள் இருந்தேன். செஞ்சி பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து மேலேயிருந்து கத்தினார். "யோவ், ஒம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீறாளாம். ஒடனே வரச் சொன்னாங்க!"

முந்தின நாள் மத்தியானமே வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஜைத்தூன் பீதான் மாட்டு வண்டி பிடித்து ஏற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே, கோட்டை மலை தெரிகிற திருப்பத்தில், வண்டியிலேயே பையன் பிறந்துவிட்டான். ரத்தம் வைக்கோலை நனைத்துச் சொட்டியதாம்.

நான் போய் நின்றபோது அவள் வெள்ளைத் துணி மாதிரி கிடந்தாள். பிழைப்பாளா என்று கேட்டேன். நர்சம்மா என்னை ஒதுக்கிவிட்டு அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஜைத்தூன் பீ சொன்னார்:

"கெணத்துல எறங்கினா மேல இருக்கிறதெல்லாம் மறந்துடுமா ஒனக்கு? நாளு கூடவா தெரியாது?"

வீட்டுக்கு ஓடினேன். விரல் விட்டு ஒவ்வொரு பூசையாக நினைவுபடுத்தினேன். ஏழு. கலயத்தில் ஐந்து.

மாடத்துக்குக் கீழே மகள் உட்கார்ந்திருந்தாள், மடியில் தம்பி.

"யாருடி துன்னது? நீதான?"

நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அறைந்தேன். கிணறு வெட்டுகிற கை... தம்பிதான் அழுதான். அவள் அழவில்லை.

அந்தோணியம்மாள் பிழைத்துக்கொண்டாள். எழுந்து நடக்கவே நாளாயிற்று.

பல வருஷம் கழித்து, நல்ல விளைச்சல் கண்ட ஒரு வருஷம், விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் கை நின்றது.

"அன்னிக்கி கலயத்துல இருந்து துன்னது நான்தாங்க. வயித்துல புள்ள ஒதைக்குது, பசி தாங்கல. ரெண்டே ரெண்டு. பாப்பா பாத்துட்டா. நைனாகிட்ட சொல்லாதடின்னேன்."

"நான் அஞ்சுன்னு எண்ணும்போதாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேலைக்குப் போவ மாட்டீங்க. புள்ளைங்க வயிறு காயுதே..."

திரும்பவும் உரிக்க ஆரம்பித்தோம்.

இப்போது இந்தப் பேத்தி மாசமாக இருக்கிறாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். எத்தனை வாரம் என்று போனே சொல்கிறது, குழந்தை எவ்வளவு பெரிசு என்று படமும் போடுகிறது. ஆனாலும் மூத்த பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழும்போது, இடுப்பில் ஒரு கையை ஊன்றி அவளும் அப்படியே நிற்கிறாள். அந்த அசதிக்குப் போனில் ஒன்றும் இல்லை போல.

அந்தோணியம்மாள் போய்விட்டாள். ஜைத்தூன் பீ அவளுக்கும் முன்னால். சின்னப்பன் லாரி ஓட்டப் போன இடத்தில். வண்டியில் பிறந்தவன் நெஞ்சுவலியில்.

அன்று மகளை அறைந்ததற்கு இதுவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேத்தி தட்டி முடித்ததும் அவள் அம்மாவிடம், என் பாப்பாவிடம், படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அடுப்பங்கரையில்தான் இருக்கிறாள், மகளுக்கு மல்லாட்டை வறுக்கிற வாசனை வருகிறது.

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில், என்னைவிட்டால் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.

சகாயமேரி.