அம்மனுக்கு நேர்ந்துவிட்ட வாய்

லம்துவான் பேச ஆரம்பித்தால் சாவ் பிரயா ஆறே கொஞ்சம் ஒதுங்கித்தான் ஓடும் என்பார்கள் தா தியன் படித்துறையில். மைக் அவள் கைக்கு வந்தது பிற்பாடுதான். வாய் பிறந்தபோதே கூட வந்தது.

இளவயதில் அவள் கால்வாய்க்கரைக் கோயிலில் மீன்களுக்குப் போடுகிற ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். ரொட்டி வாங்கியவர்களிடம் மீன்களின் குலம் கோத்திரம்வரை சொல்லி அனுப்புவாள். பிரயூன் என்ற படகுக்காரன் இந்த வாய் வீணாகிறதே என்று அவளைத் தன் சுற்றுலாப் படகில் ஏற்றினான், அப்புறம் கல்யாணமும் செய்துகொண்டான். அந்த நாளில் அவனும் ஒன்றிரண்டு வார்த்தை பேசக்கூடியவன்தான். மகன் பிறந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. அவள் முன்னால் மைக்கோடு நிற்பாள், அவன் பின்னால் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பான். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

லம்துவானின் பேச்சில் எது நிஜம், எது அவள் கைச்சரக்கு என்று பிரிக்க யாராலும் முடியாது. வாட் அருண் கோயில் கோபுரத்தில் பதித்த பீங்கான் துண்டுகளைக் காட்டி, "மருமக மாமியார் மேல வீசின தட்டெல்லாம் இங்கதான் வந்து சேர்ந்திருக்கு" என்பாள். சனம் சிரித்து முடிப்பதற்குள் படகு கால்வாய்க்குள் நுழைந்துவிடும். கரையில் வெயில் காயும் உடும்புகளை மட்டும் மரியாதையாக "தங்கம், வெள்ளி" என்பாள். உடும்பின் அசல் பெயர் அந்த ஊரில் படுமோசமான வசவு. அதை மைக்கில் சொன்னால் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதியில் இறங்கிவிடுவார்கள்.

மகனுக்குப் பெயர் பென்ஸ். அவன் பிறந்தபோது வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. பெயராவது நாலு சக்கரத்தில் ஓடட்டும் என்று வைத்தார்கள். இருபத்தொரு வயது ஆகியும் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது, அம்மா முள் எடுத்துக் கொடுக்காமல் மீன் இறங்காது. அப்பேர்ப்பட்ட பிள்ளைக்கு அந்த ஏப்ரலில் பட்டாளத்துக் குலுக்கல் வந்தது. பானைக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் பட்டாளம்.

முந்தின நாள் லம்துவான் படித்துறை அம்மன் கோயிலுக்கு ஓடினாள். அம்மன் முன்னால் அவித்த முட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. சிவப்புக் கலர் சோடா வரிசையாக நின்றது. ஊரில் இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்களெல்லாம் ஏற்கெனவே வந்து போயிருந்தார்கள். இத்தனை முட்டைக்கு நடுவில் என் முட்டை எந்த மூலைக்கு என்று யோசித்தாள். இருக்கிறதிலேயே உசத்தியானதைக் கொடுத்தால்தான் எடுபடும் என்று தோன்றியது.

"தாயே, எம்புள்ளைக்குக் கறுப்பு வரட்டும். என் வாயையே உனக்கு நேர்ந்துவிட்டுடறேன். பேசவே மாட்டேன்!"

அம்மனுக்கு மட்டும் கேட்டிருந்தால் பின்னால் பேசித் தீர்த்திருக்கலாம். அவள் வேண்டிக்கொண்டது தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாள் பென்ஸ் பானைக்குள் கையை விட்டான், கறுப்பை எடுத்தான். கூட்டத்தில் அம்மாக்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள், சிலர் குதித்தார்கள். லம்துவான் வானத்தைப் பிளக்கிற மாதிரி வாயைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

பென்ஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அம்மா, ஏதாவது சொல்லும்மா!"

அவள் தலையை ஆட்டினாள். கண்ணீர் மட்டும் வழிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பென்ஸுக்கு உறைத்தது. "அதுசரி, எத்தனை நாளைக்குன்னு வேண்டிக்கிட்டே?"

லம்துவான் விரலை நீட்டப்போனாள். ஒன்றா, மூன்றா, ஏழா? விரல் பாதியில் நின்றது. நாள் கணக்கை அவள் சொல்லவே இல்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஹெங் தாத்தா தலையில் கைவைத்தார். "முட்டைன்னா எத்தனைன்னு சொல்லணும், ஆட்டம்னா எத்தனை பாட்டுக்குன்னு சொல்லணும். அம்மன்கிட்ட அளவு சொல்லாம யாராவது வாயைக் குடுப்பாங்களா? இப்ப நீ பேசினா, அம்மன் குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கும். பட்டாளத்துக்காரன் வந்து, 'கணக்குல தப்பு, வாடா தம்பி'ன்னு பென்ஸைக் கூட்டிட்டுப் போவான். அப்புறம் என்னைக் கேக்காதே."

"உத்தரவு கேட்டுப் பாருங்களேன் தாத்தா" என்றான் பென்ஸ்.

"வேண்டினது நேத்து, பேரம் இன்னிக்கா? சொங்க்ரான் முடியட்டும். இவ கொஞ்சம் அனுபவிச்சுட்டு வரட்டும். அவளால கேக்க முடியாது, நீ பலனை வாங்கின ஆளு, கேக்கக்கூடாது. உங்கப்பன்தான் வந்து வாய்விட்டுக் கேக்கணும்."

எல்லோரும் பிரயூனைப் பார்த்தார்கள். பிரயூன் ஆற்றைப் பார்த்தான்.

சொங்க்ரான் என்றால் புத்தாண்டு. ஊரே தண்ணீரை வாரி இறைக்கும், படகுகளில் உட்கார இடம் இருக்காது. அந்த வருஷம் கோராட்டிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மாக்கள் ஒரு படகு நிறைய முன்பதிவு செய்திருந்தார்கள். லம்துவானின் வாய்க்காகவே வந்தவர்கள். பென்ஸ் மைக்கைத் தன் அப்பாவின் கையில் திணித்தான். பிரயூன் அதைச் செத்த எலியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.

வாட் அருண் வந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"இது கோயில்" என்றான் பிரயூன்.

கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கோபுரம்.

"இதுவும் கோயில்."

முன்வரிசையில் இருந்த குண்டு டீச்சர் விடவில்லை. "தம்பி, எவ்வளவு பழசு?"

"நான் பாத்த நாள்லேருந்து இருக்கு."

வாட் பாக்னாமின் பெரிய புத்தர் மரங்களுக்கு மேலே எழுந்தார். "எவ்வளவு பெருசு தம்பி?"

"தெரியுதில்லே?"

படகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். படகின் மூக்கில் உட்கார்ந்திருந்த லம்துவானுக்கு மட்டும் உயிர் போய் உயிர் வந்தது. மாமியார் தட்டு போயிற்று. ஆவி குடியிருக்கிறதென்று அவள் தினமும் கதை சொல்லும் பச்சை வீடும் சத்தமில்லாமல் கடந்துபோயிற்று. அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, கூந்தலை முகத்தில் போட்டு, நாக்கை நீட்டி, கையை ஆட்டிக் காட்டினாள்.

"பல்வலியா?" என்றாள் ஒரு டீச்சர்.

"இல்லேடி, தண்ணி வேணுமாம்" என்று இன்னொருத்தி ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தாள். பண்டிகை நாளில் அதற்குக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு உடும்பு கரையிலிருந்து இறங்கியது. பிரயூனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் கேட்காமலே மைக்கை வாயருகே கொண்டுபோய், உடும்பை அதன் அசல் பெயரால் அழைத்தான். இரண்டு கரைக்கும் கேட்டது. குளித்துக்கொண்டிருந்த ஒருவர் தன்னைத்தான் திட்டுகிறான் என்று எழுந்து நின்றார். டீச்சரம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இறங்கும்போது குண்டு டீச்சர், "அடுத்த வருஷமும் இவரே பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். லம்துவானுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் வாய் இல்லாமலும் படகு ஓடும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

பண்டிகை முடிந்த காலையில் மூவரும் கோயிலுக்குப் போனார்கள். ஹெங் தாத்தா உத்தரவு கேட்கிற மரத்துண்டுகள் இரண்டையும் பிரயூனிடம் கொடுத்தார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் தட்டையாக விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள்.

பிரயூன் மண்டியிட்டான். துண்டுகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"கேளுய்யா, அம்மனுக்கு வேற வேலை இல்லியா?" என்றார் தாத்தா.

"தாயே, என்னை ஞாபகம் இருக்கா?" என்றான் பிரயூன். "பென்ஸ் பொறந்தப்ப வந்தேனே. இவளுக்கு ரெண்டு நாளா வலி. கடைசியில பேச்சு நின்னுபோச்சு. கூப்பிட்டாக்கூடப் பதில் இல்லே. அப்ப ஓடிவந்து, இவ பொழைச்சுப் பேசினாப் போதும், இவ பேசறப்ப நான் வாயே தொறக்கமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். எத்தனை வருஷம்னு சொல்ல மறந்துட்டேன். அன்னிலேருந்து இவ நிறுத்தவே இல்லே, நானும் தொறக்கவே இல்லே."

லம்துவான் ஓரடி முன்னால் வந்து அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப மறுபடியும் வீட்டுல அதே அமைதி, தாயே. எனக்குத் தூக்கம் வரலே. ராத்திரி எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாக்கறேன். படகுல என்ஜின் சத்தம்தான் கேக்குது. அது இவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. போதும், அவளைப் பேச விடு."

துண்டுகளை வீசினான். இரண்டும் தட்டையாக விழுந்தன.

"சிரிக்கிறா" என்றார் தாத்தா. "சிரிக்கமாட்டாளா பின்னே! இன்னொரு தடவை போடு."

இரண்டாம் தடவை ஒன்று தட்டை, ஒன்று வளைவு.

லம்துவான் புருஷனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏய்யா! இருபத்தொரு வருஷம்! ஊமைக் கோட்டான்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன்? என்மேல பிரியமே இல்லாத மனுஷன்னு எத்தனை நாள் அழுதிருப்பேன்? ஒரு நாள் கணக்கு சொல்லி வேண்டிக்கத் தெரியாதா உனக்கு?"

பிரயூன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் பேசிக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டான்.

"இவருக்கும் உத்தரவு கேட்டு முடிச்சுவிட்ரலாமே தாத்தா?" என்றான் பென்ஸ்.

பிரயூன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தான். துண்டுகளைத் துடைத்துத் தாத்தாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் படகில் லம்துவான் பழையபடி மைக்கோடு நின்றாள். வாய் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. சேர்ந்துபோன பாக்கி அத்தனையும் தீர்க்க வேண்டுமே. ஆற்றைப் பற்றிச் சொன்னாள், அரண்மனையைப் பற்றிச் சொன்னாள், உடும்புக்கு மறுபடியும் தங்கம், வெள்ளி என்று பெயர் வைத்தாள். பென்ஸ் தேங்காய் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

வாட் அருண் நெருங்கியது. மாமியார் தட்டுக்கு எல்லோரும் தயாரானார்கள். லம்துவான் பேச்சை நிறுத்தினாள். பின்பக்கம் நடந்துபோய், மைக்கைப் புருஷனின் வாயருகே நீட்டி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

என்ஜின் மட்டும் கடகடத்தது. பிரயூன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நிஜமாகவே பேசவில்லை என்று உறுதியான பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"இது கோயில்" என்றான்.