டிராக்டரை நிறுத்தும் கம்பி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். மணப்பாட்டுக்குத் தெற்கே, என் மனைவி பிறந்த ஊரின் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது.

ஆனி, ஆடியில் அங்கே காற்று பலமாக இருக்கும். கரை திரும்பும் வள்ளங்களைத் தண்ணீர் ஓரத்தில் விட்டுவைத்தால் அலை அடித்து உடைத்துவிடும். மேட்டு மணல்வரை இழுத்துப்போட வேண்டும். முன்பு இருபது பேர் சேர்ந்து இழுத்தார்கள், இப்போது டிராக்டர் இழுக்கிறது. உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் யாரும் புதிது வாங்குவதில்லை. வயலில் உழைத்து ஓய்ந்த கிழட்டு டிராக்டர்கள்தான் கடற்கரைக்கு வருகின்றன.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அப்படி ஒன்றை ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்திலிருந்து வாங்கியிருந்தார். முப்பத்தைந்து குதிரைத்திறன். ஏறக்குறைய என் வயது. தோட்டத்தில் அதை ஓட்டிய டிரைவரும் கூடவே வந்துவிட்டார். பதினைந்து வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து, வேலை முடிந்ததும் பஸ்ஸிலேயே திரும்பிப் போவார்.

வண்டிக்கு இழுவை போதவில்லை என்பது மச்சானின் குறை. உப்பு லோடு அடிக்கும் டிராக்டர்களைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருக்கிறார். அந்த ஆள் அதே கம்பெனியின் பெரிய மாடலிலிருந்து பிஸ்டனும் லைனரும் எடுத்து இதில் போட்டார். டீசல் பம்ப்பை இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டினார். காற்று தாராளமாகப் போகட்டும் என்று ஏர் ஃபில்டரைத் தூக்கிவிட்டு, பக்கவாட்டில் ஒரு வளைந்த குழாயை வைத்தார்.

அன்று காலை மச்சான் இதையெல்லாம் புதுப் பேரனைக் காட்டுவதுபோல எனக்குக் காட்டினார்.

“அம்பது குதிரைக்கு மேல இழுக்கு மாப்ள. சத்தத்தக் கேளுங்க, கோயில் மணியே கேக்காது.”

நான் தூத்துக்குடியில் ஒரு நாளிதழில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலைக்கு மாறியவன். எதைப் பார்த்தாலும் விடுபட்டதைத் தேடும் பழக்கம் போகவில்லை. அந்த டிராக்டரில் மூன்று விஷயங்கள் என் கண்ணில் பட்டன.

இழுக்கும்போது முகம் மேலே எழும்பாமல் இருக்க முன்பக்கம் மாட்டியிருக்க வேண்டிய இரும்பு எடைகள் இல்லை. முன்சக்கரம் மணலில் புதைகிறது என்று கழற்றிவிட்டார்களாம். அதில் ஒன்று பக்கத்து வள்ளத்துக்கு நங்கூரமாகக் கிடந்தது. இழுவைக் கயிற்றை டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் பட்டையில் கட்டாமல், இருக்கைக்குக் கீழே உயரத்தில் இருந்த கொக்கியில் கட்டியிருந்தார்கள். கீழே கட்டினால் கயிறு ஈர மணலில் உரசித் தேய்கிறதாம். மூன்றாவது, இன்ஜினை நிறுத்தும் கம்பி. டீசல் வண்டியைச் சாவியால் நிறுத்த முடியாது. அந்தக் கம்பியை இழுத்துத்தான் பம்ப்பை மூட வேண்டும். மாற்றிப் போட்ட பம்ப்பில் பழைய கம்பி பொருந்தவில்லை. பொருத்தாமல், முனை சுருண்டபடி பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

“அப்போ எப்படி நிறுத்துவீங்க?” என்று கேட்டேன்.

“கியரப் போட்டு, பிரேக்க மிதிச்சு, கிளச்ச விட்டா தானா செத்துப்போகும்” என்றார் மச்சான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மச்சான் அந்தப் பக்கம் போனதும் டிரைவர் என்னிடம் வந்தார்.

“வண்டி மொகத்தத் தூக்குது சார். தோட்டத்துல ஒரு நாளும் இப்படித் தூக்குனதில்ல. கயித்தக் கீழ கெட்டச் சொல்லுங்க. நான் சொன்னா, பயந்தாங்குளிங்காவ. நீங்க வீட்டு மாப்பிள்ள, சொன்னா கேப்பாவ.”

“சொல்லுதேன்” என்றேன்.

சொல்லவில்லை. மாமியார் காப்பிக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். போய்க் குடித்தேன். மச்சான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் நல்ல மீன் துண்டு என் தட்டில்தான் விழுகிறது. மாப்பிள்ளை குறை சொல்லி வாயைத் திறந்ததில்லை என்று அங்கே எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து, வலை நிறைய மீனோடு ஒரு பெரிய வள்ளம் கரை ஒதுங்கியது. மகளுக்கு அனுப்பலாம் என்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிறு விறைத்தது. பின்சக்கரங்கள் மணலில் பாதி புதைந்து நின்றன. வள்ளம் அசையவில்லை.

“ஏலே, முறுக்குல!” என்று மச்சான் கத்தினார்.

கறுப்புப் புகை எழுந்தது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஒரு அடி, இரண்டு அடி. டிரைவரின் கால் கிளச்சைத் தேடுவது தெரிந்தது. அதற்குள் டிராக்டர் செங்குத்தாக நின்று, பின்பக்கமாகப் புரண்டு, வலப்பக்கம் சரிந்தது. ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

டிரைவரின் உடல் இடுப்புக்குக் கீழே வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தது. மணல் இளகியிருந்ததால் நசுங்கவில்லை. ஆனால் இன்ஜின் நிற்கவில்லை. மேலே தூக்கி நின்ற பின்சக்கரம் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் பேய் வேகத்தில் சுற்றியது. அதிர்வில் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குள் இறங்கியது, அவரையும் அழுத்திக்கொண்டு. தோண்டப் போனவர்கள் சக்கரத்துக்குப் பயந்து திரும்பினார்கள். ஒருவர் டீசல் குழாயை மூடப் பார்த்தார். திருகு உப்பில் இறுகிக் கிடந்தது. கியர் கம்பி டிரைவரின் இடுப்புக்கு அடியில். நிறுத்தும் கம்பி, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் அதைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்துவிட்டது.

அப்போது ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊரிலிருந்து மீன் எடுக்க வருபவர்.

“வெலகுங்கல! இன்சின் காத்த அடைங்கல!”

யாருக்கும் புரியவில்லை. மீன் கூடையை மூடியிருந்த சாக்கை அலையில் முக்கி, சுருட்டி எடுத்துக்கொண்டு, குனிந்து அந்த வளைந்த குழாயின் வாயில் இரண்டு கையாலும் அழுத்தினார். சாக்கை இன்ஜின் உள்ளே இழுத்தது. அவர் விடவில்லை. இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் நின்றது. அதன் பிறகுதான் டிரைவர் முனகுவது எங்கள் காதில் விழுந்தது.

பத்துப் பேர் கையால் மணலைத் தோண்டினார்கள். அந்தப் பெண் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே ஏசினார்.

“எம் மாப்பிள்ள லாஞ்சில இன்சின் டிரைவரு. இன்சின் பிச்சிக்கிட்டு ஓடுனா இப்படித்தான் மூச்ச அடைப்பாரு. இத்தன ஆம்பள நிக்கிய, ஒருத்தனுக்கும் புத்தி ஓடலயே!” என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “சார், அந்தப் போன உள்ள வையுங்க.”

என் போன் அப்போதும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

டிரைவர் பிழைத்தார். தொடை எலும்பும் இடுப்பெலும்பும் உடைந்திருந்தன. மறுநாள் பேப்பரில் மூன்று வரி வந்தது: கட்டுப்பாட்டை இழந்த டிராக்டர் கவிழ்ந்து டிரைவர் படுகாயம். அந்த வாக்கியத்தை நானே நூறு முறையாவது எழுதியிருப்பேன். அன்றுதான் அதைப் படித்து எனக்கு ரத்தம் கொதித்தது. டிராக்டர் எதையும் இழக்கவில்லை. முன் எடை, தாழ்ந்த கட்டு, நிறுத்தும் கம்பி என்று ஒவ்வொன்றாக மனிதர்கள் கழற்றியிருந்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் பதில் தயாராக இருந்தது. “கிளச்சப் பொசுக்குன்னு விட்டுட்டான்” என்றார் மச்சான். “நான் பவர் ஏத்திக் குடுத்தேன், வெயிட்டக் கழத்தச் சொன்னது யாரு?” என்றார் மெக்கானிக். வண்டியை நிமிர்த்திய அன்று இன்ஜினைத் தட்டிக்கொடுத்து, “பாத்தியளா, ஒரு சேதாரமும் இல்ல” என்று அவர் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து டிரைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் கொடுத்த ஆரஞ்சுப் பழங்களை வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் வாழைத்தார் விலையைப் பற்றியும் பேசினார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அன்னைக்கு அவியட்ட சொன்னியளா சார்?”

சொன்னேன், கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“இல்ல. சொல்லல.”

“சரி” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனேன். அதே டிராக்டர், அதே இன்ஜின், வேறொரு டிரைவர். எடைகள் இல்லை, கயிறு உயரக் கொக்கியில். கம்பி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஊர் முழுக்கப் பார்க்க, மச்சானை நோக்கி, அந்த வீட்டில் நான் ஒருநாளும் பேசாத பேச்சையெல்லாம் பேசினேன். “மாப்ளைக்கு என்னவே ஆச்சு?” என்று யாரோ கேட்டார்கள். வேறொரு மெக்கானிக் வந்து கம்பியைப் பொருத்தி, வள்ளக்காரர் எடையைத் திருப்பிக் கொடுத்து, கயிறு கீழே இறங்கும்வரை நான் நகரவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. மொத்த வேலையும் மூன்று மணி நேரம்தான்.

மச்சான் எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், அளவாக. டிரைவர் ஒரு கால் குட்டையாகி, வாழைத்தார் மண்டியில் கணக்கு எழுதுகிறார். வண்டியில் ஏறுவதில்லை. மச்சான்மேலும் மெக்கானிக்மேலும் எனக்கு இருக்கும் கோபம் நாளாக நாளாகக் கொஞ்சம் தணிகிறது; ‘சொல்லுதேன்’ என்று ஒரு மனிதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனவன்மேல் இருக்கும் கோபம் மட்டும் அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது, அது தணியக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.